வெண்கலத் தாய்மைச் சிலுவை

எக்கார்ட் சேர்த்து வைத்திருந்தது எல்லாமே போலி. அதைச் சொல்ல அவருக்கு வெட்கம் கிடையாது. ஹிட்லர் காலத்துப் பதக்கம் அசலாகக் கிடைக்குமா என்று நாக்கைத் தொங்கப் போட்டு அலைகிற கூட்டத்தைக் கண்டாலே அவருக்கு ஆகாது. "அசல்ல எவன் ரத்தமோ ஒட்டியிருக்கும். இது யாரையும் கொன்னதில்ல," என்பார். இரும்புச் சிலுவை, காயம்பட்ட சிப்பாய்க்கான வில்லை, காலமெல்லாம் கோப்பு தள்ளிய குமாஸ்தாவுக்கான பதக்கம் என்று மாடியறைக் கண்ணாடிப் பெட்டி நிறையக் கிடந்தது. அம்மா அல்வினே மட்டும் அதை எட்டிக்கூடப் பார்த்ததில்லை. அவளைப் பொறுத்தவரை அது தகரக் கடை.

போர் முடிந்து ஐம்பது வருடம் ஓடிவிட்டது. அம்மாவுக்கு எண்பத்தெட்டாவது பிறந்தநாள் வந்தது. சித்தியின் கல்யாண ஃபோட்டோ ஒன்றில் அம்மா கழுத்தில் தாய்மைச் சிலுவை தொங்கும். நிறையப் பிள்ளை பெற்றவர்களுக்கு அந்த ஆட்சி கொடுத்தது. பிறகு எங்கேயோ தொலைந்துவிட்டதாகக் கேள்வி. அதன் போலி ஒன்றைக் கையில் கொடுத்தால் கிழவி மனசு இளகுவாள், தன் கிறுக்கையும் மன்னித்துவிடுவாள் என்று எக்கார்ட் ஆசைப்பட்டார். ஐம்பத்து நாலு வயதானாலும் அம்மா முகம் கோணினால் பிள்ளைக்குத் தாங்குவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை வேசர் ஆற்றங்கரைச் சந்தையில் போலிப் பதக்கம் விற்கிற டெட்லெஃப் கடை விரித்திருந்தான். நாஜிச் சின்னத்தை வெளியே காட்டக் கூடாது என்ற சட்டத்துக்குப் பயந்து ஒவ்வொரு ஸ்வஸ்திகாவின் மேலும் வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டியிருந்தான்.

"தாய்மைச் சிலுவையா? எந்தத் தரம் வேணும்ணே?"

"வெண்கலம். அதானே கடைசித் தரம். நாங்க மூணே பேருதான்."

டெட்லெஃப் விழுந்து விழுந்து சிரித்தான். "ஊருக்கெல்லாம் வகுப்பெடுக்கிற ஆளு நீங்க! மூணுக்கு எவன்ணே குடுத்தான்? நாலு பெத்தாத்தான் வெண்கலமே."

எக்கார்டுக்கு அது தெரியாததா? வெண்கலத்துக்கு நாலு, வெள்ளிக்கு ஆறு, தங்கத்துக்கு எட்டு என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். அண்ணன் லோத்தார், அக்கா ஹில்ட்ரூட், கடைக்குட்டி தான். அந்தக் கணக்கைச் சொந்த வீட்டுக்குப் போட்டுப் பார்க்க மட்டும் ஒருநாளும் தோன்றவில்லை. படித்துக் கிழித்த லட்சணம் அவ்வளவுதான். சிலுவையை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார். வழியெல்லாம் விரல் விட்டு எண்ணிக்கொண்டே போனார். மூன்றுக்கு மேல் வரவில்லை.

பிறந்தநாளன்று பிளம்ஸ் கேக்கும் காபியும் மேஜையில் இருந்தன. எதையும் கேட்பதில்லை, பரிசையும் காட்டுவதில்லை என்றுதான் எக்கார்ட் வந்திருந்தார். ஆனால் அம்மாவிடம் அது நடக்குமா?

"ஏண்டா பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்க? பையில என்ன?"

எடுத்துக் கொடுத்தார். திட்டு விழும் என்று காத்திருந்தார். அவள் நீல வெள்ளை நாடாவைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

"அம்மா, மூணு பிள்ளைக்கு இதைக் குடுக்க மாட்டாங்க."

"மாட்டாங்க."

"அப்போ?"

"மூணாவது ரோஸ்விதா. நீ நாலாவது. நீ பொறந்தப்புறம் மேடையில ஏத்தி இதைக் கழுத்துல மாட்டுனாங்க. மறு வருஷமே, வலிப்பு வர்ற பிள்ளைன்னு அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனாங்க. அஞ்சு வயசுடா. சளி முத்திச் செத்துப்போச்சுன்னு சொல்லியனுப்புனாங்க. அவளுக்கு ஒரு சளியும் இல்ல. குறையுள்ள பிள்ளைகளை அங்க வச்சு அப்படித்தான் கொன்னு முடிச்சாங்க."

எக்கார்ட் நாற்காலியை அம்மா பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"உங்கப்பா அவ சட்டை, ஃபோட்டோ, எல்லாத்தையும் எரிச்சாரு. பேரையே எடுக்கக் கூடாதுன்னாரு. லோத்தாரும் ஹில்ட்ரூடும் பயந்து வாயை மூடிக்கிட்டாங்க. நான் இதைக் கொண்டுபோய் ஆத்துல எறிஞ்சேன்."

தன்னைப்போல் ஒரு மடையன் இந்த ஊரில் இருக்க முடியாது என்று எக்கார்டுக்குப் பட்டது. கையை நீட்டினார். "தெரியாமப் பண்ணிட்டேம்மா. குடு, எடுத்துட்டுப் போயிடுறேன்."

அல்வினே கொடுக்கவில்லை. நாடாவை விரலில் சுற்றிக்கொண்டாள்.

"எறிஞ்ச அன்னைக்கே உக்காந்து அழுதேன். பாவிப்பயலுக குடுத்ததுதான். ஆனா அவளையும் சேத்து எண்ணுன சாமான், வீட்டுல அது ஒண்ணுதான் மிச்சம் இருந்துச்சு."

"இது போலிம்மா."

"இருக்கட்டும். நாலுன்னுதானே சொல்லுது?"