ஓலையில் வாசித்த பெயர்

பாஸ்போர்ட்டிலுள்ள பெயரை மாற்றித் தருமாறு கேட்டுச் சில்வெஸ்டரும் அவருடைய மனைவி பிரிஜெட்டும் அலுவலகத்துக்கு வந்திருந்தனர். பாஸ்போர்ட்டில் அவள் பெயர் முத்தம்மா. ஆதாரிலும், வாக்காளர் அட்டையிலும், மகள் கேரலின் பிறப்புச் சான்றிதழிலும் அவள் பெயர் பிரிஜெட். மஸ்கட்டில் முதற்பிரசவத்துக்குக் காத்திருந்த கேரல், தாயை வரவழைக்க விசாவுக்கு விண்ணப்பித்தாள். சான்றிதழிலுள்ள தாயும் பாஸ்போர்ட்டிலுள்ள பெண்ணும் ஒருவரென்று தெரியவில்லை எனக் கூறி அதனைத் திருப்பி அனுப்பிவிட்டனர்.

ஸ்ரீராம்புரத்து முத்தம்மா, காக்ஸ் டவுன் சில்வெஸ்டரை மணப்பதற்காக ஒரு சனிக்கிழமை ஞானஸ்நானம் பெற்றுப் பிரிஜெட் ஆனாள். ஒரு மாதம் கழித்து ஒரு திங்கட்கிழமை திருமணம். அதன்பின் எல்லா இடங்களிலும் புதுப்பெயரே வழங்கிற்று. பள்ளிச் சான்றிதழ் மட்டும் பழைய பெயரிலேயே நின்றுவிட்டது. நடவாமற்போன ஒரு புனித பூமி யாத்திரைக்காகப் பாஸ்போர்ட் எடுத்தபோது அந்தச் சான்றிதழைத்தான் காட்டினார்கள்.

சாளரத்துக்கு அப்பால் அமர்ந்திருந்த மமதா என்னும் அலுவலர், திருமணச் சான்றிதழை இருமுறை படித்தார். கன்னடக்காரராயினும் தமிழ் தடையின்றிப் பேசினார்.

“ஆகாது சார். கல்யாண சர்ட்டிபிகேட்டை வச்சு புருஷன் பேரைச் சேர்க்கலாம். இங்க இவங்க சொந்தப் பேரே மாறுது.”

“கல்யாணத்துனாலதானே மேடம் மாறிச்சு?”

“இதுல முத்தம்மான்னு எங்கயும் இல்லையே. பொண்ணு பேரு பிரிஜெட்னு இருக்கு. பேப்பர் பிரகாரம் நீங்க கட்டிக்கிட்டது வேற ஆளை.”

“இத்தனை வருஷமா எனக்குச் சோறு போடுறது இவதான் மேடம்.”

மமதா சிரிக்கவில்லை. “அஃபிடவிட் ஒண்ணு, ரெண்டு நியூஸ்பேப்பர்ல விளம்பரம். கொண்டு வாங்க.”

“விளம்பரம் எதுக்குங்க? மூணு ஞாயிறு கோயில்ல கல்யாண ஓலை வாசிச்சாங்க. ‘முத்தம்மா என்கிற பிரிஜெட்’னு சாமியார் எல்லார் முன்னாடியும் சொல்லி, ஆட்சேபம் இருக்கான்னு கேட்டாரு. ஒருத்தரும் எழுந்திருக்கல.”

“அது எங்க ஆபீசுக்குக் கேட்கல சார்,” என்று கூறிய மமதா, அடுத்தவரை அழைத்தார்.

மறுபடியும் நேரம் கிடைக்கப் பல நாட்கள் ஆயின. விளம்பர வேலையைத் தாமே முடித்துவிடுவதாகச் சில்வெஸ்டர் ஏற்றுக்கொண்டார். இரண்டாம் முறை சென்றபோது, மமதா முதல் விளம்பர நறுக்கைப் பார்த்துச் சரியென்று தலையசைத்தார். அது தமிழ் நாளிதழில் வந்தது. இரண்டாவதைப் புரட்டிப் பார்த்தார்.

“இது என்ன சார்?”

“எங்க கோயில் பங்குப் பத்திரிகை. மாசாமாசம் வரும். காக்ஸ் டவுன்ல எங்க ஜனங்க இதைப் படிக்காத வீடே கிடையாது.”

“பக்கத்துலயே பூசை நேரம் போட்டிருக்கு. தினசரி வேணும் சார். திருப்பி அப்பாயின்ட்மென்ட் எடுங்க.”

பேருந்து நிறுத்தத்துக்கு வந்து பிரிஜெட் பெஞ்சில் அமர்ந்தாள். பின்னர், கைப்பையை மடியில் அழுத்திக்கொண்டு கேட்டாள்.

“என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?”

“உன்னைத் தெரிஞ்சவங்க பார்த்தாதானேம்மா அது விளம்பரம்?”

“தெரிஞ்சவங்களுக்கு எதுக்குங்க விளம்பரம்? அவங்களுக்குத்தான் தெரியுமே.”

 வந்த பேருந்து நிரம்பி வழிந்தமையால் நில்லாமலே சென்றுவிட்டது.

அன்று மாலை கேரல் தொலைபேசியில் அழைத்தாள். குழந்தை திரும்பாமலிருப்பதால் வியாழக்கிழமையே அறுவை செய்துவிடுவதென்று மருத்துவர் முடிவு செய்திருந்தார்.

“இவரோட அம்மா நேத்தே வந்துட்டாங்கம்மா. அவங்க பார்த்துக்குவாங்க. இனிமே நீங்க வெயில்ல அலைய வேணாம்.”

பேச்சு முடிந்ததும் சில்வெஸ்டர் நாற்காலியில் நிம்மதியாகச் சாய்ந்தார். “அப்போ பேரு மாத்துற வேலைய விட்டுடலாம். வியாழக்கிழமைக்குள்ள எப்படியும் ஆகாது. அவ வரும்போது குழந்தையைப் பார்த்துக்கலாம்.”

“நான் பிரசவத்துக்கு மட்டும்தான் அம்மாவா?”

“அப்படிச் சொல்லல.”

“ஒரு பேரு பத்தாதுன்னு இன்னொரு பேரு வச்சீங்க. சரின்னேன். இப்போ அந்தப் பேருல ஒரு பிளேன் ஏறணும்னா ஆகாதுங்கிறாங்க. அதுக்கும் சரின்னு உட்காரச் சொல்றீங்க.”

 அவள் அவருடைய சட்டைப்பையிலிருந்து விண்ணப்ப ரசீதை எடுத்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

மறுநாட் காலை, பிரிஜெட் தனியாகச் சிவாஜிநகரில் நாளிதழ்களுக்கு விளம்பரம் வாங்கும் கடைக்குச் சென்றாள். கடைக்காரர் வெங்கி ஆங்கில நாளிதழ் ஒன்றின் பெயரைச் சொன்னார். அது அன்றாடம் வருவதுதானா என்று அவள் கேட்டறிந்தாள். அச்சுக்குப் போகவிருந்த வரிகளை அவரையே வாசிக்கச் செய்து, தன் அட்டைகளோடு ஒப்பிட்டாள். அங்கேயே அவருடைய கணினியில் அடுத்த சந்திப்புக்கும் பதிவு செய்யச் சொன்னாள். மூன்று வாரங்களுக்குப் பின்னரே இடமிருந்தது.

“ரொம்பத் தள்ளிப் போகுதேக்கா,” என்றார் வெங்கி.

“போடுங்க.”

கடை வாசலில் நின்றவாறே மகளை அழைத்தாள்.

“கேரல், எல்லாம் சரியா நடந்தா பிள்ளைக்கு ரெண்டு மாசம் ஆகுறதுக்குள்ள வந்துடுவேன். அதுவரைக்கும் உங்க அத்தை பிள்ளைக்குத் தண்ணி ஊத்தட்டும். ரொம்பச் சூடா ஊத்த வேணாம்னு மட்டும் சொல்லு.”