போர்மேன் நாகையா

பொன்னுத்தங்கம் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியைக் கிழித்துக்கொண்டிருந்தாள். பசை இன்னும் காயவில்லை, இழுத்த இழுப்புக்கு வந்தது. அப்பாவின் படத்துக்குக் கீழே கொட்டை எழுத்தில் "போர்மேன் நாகையா". உள்ளே கிடத்தியிருந்தவருக்கு இரண்டு வருடத் தண்டனை வாங்கிக் கொடுத்த சொல் அது.

"ஏக்கா, ஒன் பிரஸ்காரரு சும்மா அடிச்சுக் குடுத்தது. அதப் போயி கிழிக்கியே" என்றான் சித்தப்பா மகன் ஊர்க்காவலன்.

நாகையா ஒருநாளும் போர்மேன் இல்லை. பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து செலுத்தும் கூலி. ஷெட் வெடித்து நாலு பேர் செத்த வழக்கு கோர்ட்டுக்கு வந்ததும், ஷெட்டுக்குப் பொறுப்பு போர்மேன் நாகையாதான் என்று கம்பெனி ஒரு நியமன உத்தரவை நீட்டியது. வெடிப்புக்கு முந்தின வருடத் தேதி. அடியில் அவர் கையெழுத்து. வெடிப்புக்குப் பிறகு உதவித்தொகைப் பாரம் என்று சொல்லி வீட்டுக்கு வந்து வாங்கிப்போனது. அப்படியும் தப்பித்திருப்பார். வெடிப்புக்கு முன்பே அடித்த பொன்னுத்தங்கத்தின் கல்யாணப் பத்திரிகையையும் கம்பெனிக்காரர்கள் சேர்த்துக் கொடுத்துவிட்டார்கள். மாப்பிள்ளை வீட்டார் முன் கொஞ்சம் கெத்தாக இருக்கட்டும் என்று அதில் "போர்மேன்" போடச் சொன்னவள் அவள்தான். ஊரும் அதைப் பிடித்துக்கொண்டது. தன் கையே தன் கண்ணைக் குத்தியது.

அப்பீல் போட்டு ஜாமீனில் இருந்தார். திருத்தங்கல் பிரஸ்ஸில் பைண்டிங் வேலை பார்க்கும் பொன்னுத்தங்கம் போன மாதம்தான் அந்த உத்தரவின் நகலை முதன்முதலாகக் கையில் வாங்கினாள். வக்கீல்கள் எல்லோரும் கையெழுத்தைப் பார்த்தார்கள். அவள் தாளின் அடியைப் பார்த்தாள். பொடி எழுத்தில் பிரஸ்ஸின் ஆர்டர் எண், அச்சடித்த மாதம். வெடித்து மூன்று மாதம் கழித்து அச்சான தாள். அதைக் காட்டியதும் அப்பீல் வக்கீல் ஞானமுத்து எழுந்தே நின்றுவிட்டார். விசாரணை அடுத்த வாரம். அப்பாவின் நெஞ்சு அதுவரை பொறுக்கவில்லை.

மாலை போட வந்த ஞானமுத்து தணிந்த குரலில் விஷயத்தைச் சொன்னார். ஆள் போனால் அப்பீலும் போய்விடும். முப்பது நாளுக்குள் குடும்பத்தில் ஒருவர் மனுப் போட்டு நடத்தினால் உண்டு. இல்லையென்றால் குற்றவாளி குற்றவாளிதான். கம்பெனி கல்யாணப் பத்திரிகையை மறுபடி நீட்டும். அதனால் அவர் வெறும் கூலி என்று மனைவியும் எழுதித் தர வேண்டும்.

உடலைத் தூக்கிக்கொண்டு போன பின், குளித்து வந்த அம்மா வேலுத்தாயின் முன்னால் பொன்னுத்தங்கம் தாளையும் மைப்பெட்டியையும் வைத்தாள். பகல் முழுக்க வேலுத்தாய் "போர்மேன் ராசா" என்றுதான் ஒப்பாரி வைத்திருந்தாள். 

"என்ன எழுதியிருக்கு?"

"அப்பா போர்மேன் இல்ல, கூலின்னு."

வேலுத்தாய் தாளைத் தள்ளி வைத்தாள்.

"நாப்பது வருசமா ஏலே, வாலேன்னு கூப்பிட்ட ஊரு. அந்தப் பேரு வந்த பெறகுதான் வாங்கன்னாக. செத்த மனுசன நானே கூலின்னு எழுதிக் குடுக்கவா?"

"அவரு குத்தவாளி இல்லன்னு ஆகும்மா."

"ஆகி?"

பொன்னுத்தங்கம் அம்மாவின் கையைப் பிடித்து மையருகே இழுத்தாள். வேலுத்தாய் கட்டைவிரலை உள்ளே மடக்கி, மற்ற நாலு விரலாலும் அதை மூடிக்கொண்டாள்.