செங்கல் சுட்ட மெஷின்

இரண்டாயிரத்து முந்நூற்றைம்பது ரூபாய். கொத்தனாரின் மனைவி தன் நாத்தனாருக்கு எட்டு மாதமாக வைத்திருந்த பாக்கி. இருவரும் பாதிப் பாதி போட்டு ஒரு ரொட்டி மெஷின் வாங்குவதாகப் பேச்சு. முழுப் பணத்தையும் நாத்தனாரே கட்டி வாங்கி வந்தாள். முதல் ரொட்டியைத் தட்டிப் பார்த்த கொத்தனார், "இன்னும் நாப்பது சுட்டுக் குடுங்க, ஒரு சுவரே எழுப்பிடறேன்" என்றார். செங்கல்லுக்கு எதற்குக் காசு என்று மனைவி கையை விரித்துவிட்டாள்.

அந்தக் கொத்தனார் இப்போது தொண்டையில் அறுவை சிகிச்சை முடிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். கொடுத்ததையெல்லாம் துப்பினார். "இன்னிக்கு ஒரு டம்ளர் கஞ்சியாவது இறங்கணும். இல்லன்னா நாளைக்கு மூக்குல குழாய்தான்," என்று நர்ஸ் சொல்லிவிட்டாள். ஆறு மணிக்கு வாசலை அடைத்துவிடுவார்கள். குழாய்க்குக் கட்ட வேண்டிய பணத்தை மனைவி முந்தானையில் முடிந்து வைத்திருந்தாள்.

நாலு மணிக்குச் சலவைக்கூடத்து வேலையிலிருந்து அறைக்கு ஓடி வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. வாடகை அறையில் அடுப்பு பற்றவைக்கக் கூடாது. கரண்டில் ஓடும் மல்டிகுக்கர்தான் கதி. ஓட்ஸைக் கொட்டி மூன்று டம்ளர் தண்ணீர் ஊற்றினாள். மேசை நனைந்தது.

குக்கரின் உள்பாத்திரம், கழுவும் தொட்டியோரம் கவிழ்ந்து கிடந்தது. குக்கரின் வெறும் வயிற்றில் ஊற்றியிருக்கிறாள்! படீரென்று ஒரு சத்தம். விளக்கு அணைந்தது.

"ஐயோ அண்ணி, தொடாதீங்க! கையெல்லாம் ஈரம்!"

கஞ்சியை வாங்கிப் போக வந்த நாத்தனார், மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு பிளக்கைப் பிடுங்கினாள்.

"கண்ண எங்க வெச்சிருந்தீங்க?"

"உங்க அண்ணன்கிட்ட."

நாத்தனார் செத்த குக்கரை ஓரமாகத் தள்ளினாள். பிறகு, "என் ரொட்டி மெஷின் எங்க?" என்றாள்.

கட்டிலுக்கு அடியில் இருந்தது. திறந்தால் உள்ளே துணி கிளிப்புகள்.

"அடடா! நல்ல மரியாத."

"அப்புறமா திட்டு. இப்ப கழுவு."

பாத்திரத்தைக் கழுவி, அடியில் சுழலும் இறக்கையை மாட்டி, ஓட்ஸைக் கொட்டித் தண்ணீர் ஊற்றி, மெயினைப் போட்டு, ஜாம் பொத்தானை அழுத்தினார்கள். தானே கிண்டிக் காய்ச்சும்; ஆனால் ஒரு மணி இருபது நிமிடம் ஆகும். மணி நாலு இருபது. பாத்திரம் உள்ளே இருக்கிறதா என்று அவள் மூன்று தடவை மூடியைத் திறந்து பார்த்தாள்.

"இன்னொரு தடவ திறந்தா கைய முறிச்சிடுவேன் அண்ணி. சூடு போகுது."

ஐந்து நாற்பதுக்கு மெஷின் கூவியது. மனைவி ஒரு சொட்டை விரலால் நசுக்கிப் பார்த்தாள். கட்டியே இல்லை. பிளாஸ்க்கை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இருவரும் ஓடினார்கள். காவலாளி கதவைப் பாதி சாத்தியிருந்தார். நாத்தனார் தோளைக் கொடுத்துத் தள்ளி வழி பண்ணினாள்.

முதல் வாய். இருமல் வந்தது. கொத்தனார் கண்ணை மூடி விழுங்கினார். துப்பவில்லை. அரை மணியில் டம்ளர் காலி.

நர்ஸ் டம்ளரைச் சாய்த்துப் பார்த்தாள். "குழாய் வேணாம். நாளைக்கு சூப்பும் குடுங்க."

கொத்தனார் தங்கையைப் பார்த்துக் கரகரத்தார். "இத வெச்சு... சுவர் எழுப்ப முடியாது."

வராந்தாவில் மனைவி முந்தானை முடிச்சை அவிழ்த்து நீட்டினாள். நாத்தனார் கண்ணைத் துடைத்துக்கொண்டே தன் பாக்கியை ஒரு தாள் விடாமல் எண்ணி எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் திருப்பிக் கொடுத்தாள்.

"கணக்கு தீந்துச்சு அண்ணி. சூப்பையும் அதுலயே வைங்க. கிளிப்புக்கு நான் வேற டப்பா தரேன்."