பரவாயில்லைக்கு எண் நான்கு

அலுவலகத்தில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார் இல்லை, 'சதவீதம்' என்பார்கள். அறக்கட்டளைகள் செய்கிற உதவி பலித்ததா இல்லையா என்று அளந்து சொல்வது இருபது வருடமாக அவர் தொழில். துணிக்கடைக்காரர் கையில் அளவுகோல் போல அவர் கையில் கேள்வித்தாள். அளவுகோல் ஒரு விரற்கடை குறைந்தால் வாங்குகிறவர் கடையையே புரட்டிவிடுவார். கேள்வித்தாள் குறைந்தால் கத்த ஆள் கிடையாது.

இந்த முறை அளந்தது பிசியோ வண்டியை. பக்கவாதம் வந்து படுத்தவர்களின் வீட்டுக்கே வாரம் இரண்டு நாள் வந்து கைகாலை அசைக்கப் பழக்கும் வண்டி. "இப்ப எப்படி இருக்கு?" என்ற கேள்விக்கு ஐந்து பதில்கள். 'மோசம்' ஒன்று, 'குணமாகிவிட்டது' ஐந்து. நூற்றுக்கு எழுபது பேர் அந்த ஐந்தையும் விட்டுவிட்டு, "பரவாயில்லைங்க" என்றார்கள். எந்த எண் போடுவது என்று களப்பணியாளர்கள் போன் செய்தபோது சதவீதம் டீ குடித்துக்கொண்டிருந்தார். "நாலு போடுங்க" என்றார். நான்கு என்றால் 'நன்கு தேறிவிட்டார்'.

அறங்காவலர்கள் அறிக்கையைப் படித்துப் பூரித்துப் போனார்கள். எழுபது சதவீதம் பேர் தேறிவிட்டார்களே, இனி வண்டி எதற்கு? அடுத்த வாரமே வேறு ஊருக்கு அனுப்பத் தீர்மானம்.

வண்டி போகிற வீடுகளில் ஒன்று சதவீதத்தின் அக்கா வீடு. மாமாவின் வலது கை இப்போதுதான் டம்ளரைப் பிடிக்கத் தொடங்கியிருந்தது.

சதவீதம் தம் அலுவலகத்தின் பெண் இயக்குநரிடம் ஓடினார்.

"மேடம், அந்த நாலு தப்பு. அது மூணு. ரெண்டாக்கூட இருக்கலாம்."

"எப்ப தெரிஞ்சுது? வண்டி போகுதுன்னு தெரிஞ்ச பிறகா?"

தலையைச் சொறிந்தார்.

"முடிவு வந்த பிறகு எண்ணை மாத்தக் கூடாதுன்னு விதி எழுதினது யாரு சார்? கீழ உங்க கையெழுத்துதான் இருக்கு. லிஸ்ட்ல உங்க சொந்தக்காரர் வேற. வெளிய தெரிஞ்சா நாறிடும்."

"இன்னொரு தடவை போய்க் கேட்டுப் பாக்கலாமே?"

"கேட்டா என்ன சொல்வாங்க?"

பேரம் படியாது என்று தெரிந்தும் கடைப்படி இறங்காதவரைப் போலச் சற்று நேரம் நின்றார். அந்த அம்மா அடுத்த கோப்பைத் திறந்துவிட்டார்.

வண்டி கடைசியாக வந்துபோன நாளில் அக்கா வீட்டுக்குப் போனார். ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னார். அக்கா புடவைத் தலைப்பைத் திருகியபடி கேட்டுவிட்டுச் சொன்னாள்.

"மாமாவுக்குப் பேச்சு சரியா வராதுன்னு நான்தான்டா பதில் சொன்னேன். குறை சொன்னா வண்டியை நிறுத்திடுவாங்களோன்னு பயந்து, பரவாயில்லைன்னேன்."

கட்டிலில் மாமா, தாமே குடித்துக் காட்ட வேண்டும் என்ற வீம்பில் டம்ளரைத் தூக்கினார். பாதித் தண்ணீர் சட்டையில் கொட்டியது. மச்சினன் முகத்தைப் பார்த்து, கோணிய வாயால் இழுத்து இழுத்துச் சொன்னார்.

"பர...வால்ல... மாப்ள."

சதவீதம் துண்டை எடுத்து அவர் சட்டையைத் துடைத்தார். துடைத்த இடத்தையே திரும்பவும் துடைத்துக்கொண்டிருந்தார்.