இரண்டாவது ஊசியின் தேதி

சான்விக்குத் தட்டம்மை ஊசி இரண்டு முறை போட்டதற்கான சான்று பத்து நாளுக்குள் வராவிட்டால், இடத்தை வேறு குழந்தைக்குக் கொடுக்கவேண்டியிருக்கும் என்று ஜெர்மனியிலிருந்து குழந்தைகளின் பகல்நேரக் காப்பகத்தார் எழுதியிருந்தார்கள். மரியாதையாகத்தான் எழுதியிருந்தார்கள். சான்று இல்லாத குழந்தையைச் சேர்க்க அந்த நாட்டுச் சட்டம் இடம் கொடுப்பதில்லை.

அவள் அப்பா முத்துசெல்வம் அதை ஐரோலி ஆபீஸ் கேன்டீனில் வைத்து இரண்டு முறை படித்தான். பிறகு தட்டில் இருந்ததைச் சாப்பிட்டு முடித்தான். மனைவி ஷர்மிளா இறந்து பத்து மாதமாகிறது. எந்தச் செய்தி வந்தாலும் தட்டில் இருப்பதைச் சாப்பிட்டு முடிக்கிற பழக்கம் அதற்குப் பிறகு வந்தது.

ஜூன் இருபத்தெட்டில் விமானம். ஜூலை ஒன்றில் வேலை. அவனுக்கும் பிள்ளைக்கும் விசா வந்துவிட்டது. சான்விக்கு இரண்டு வயது நான்கு மாதம். காப்பகத்தில் இடம் இருந்தால்தான் அவன் வேலைக்குப் போக முடியும். இல்லையென்றால் பிள்ளையைத் தாராவியில் மாமியாரிடம் விட்டுப் போகவேண்டும். இரண்டே மாதத்தில் வந்து கூட்டிக்கொள்கிறேன் என்று சொல்லலாம்தான். அவன் குடியிருந்த சந்தில் அப்படிச் சொல்லிவிட்டுப் போனவர்கள் மூன்று பேர், துபாயிலும் மஸ்கட்டிலும் இருக்கிறார்கள். அவர்களுடைய பிள்ளைகள் அப்பாவை போன் அளவுக்குத்தான் பார்த்திருக்கின்றன.

இரண்டு ஊசியும் போட்டாகிவிட்டது என்பது அவனுக்குத் தெரியும். அட்டைதான் எங்கே என்று தெரியவில்லை.

அன்று சாயங்காலம் பீரோவை இறக்கிப்போட்டுத் தேடினான். பரண்மேல் தேடினான். சான்வி ஒவ்வொரு காகிதமாக எடுத்து அவனிடம் நீட்டிக்கொண்டிருந்தாள். பெட்டிகளை மூடும்போதுதான் நினைவு வந்தது. அந்த அட்டை எப்போதும் ஷர்மிளாவின் கைப்பைக்குள் இருக்கும். ஓரம் மடங்காமலிருக்க அதற்கு ஒரு பிளாஸ்டிக் உறைகூடப் போட்டு வைத்திருந்தாள். அந்தக் கைப்பை பதினாறாம் நாள் மூட்டையில் போயிற்று.

அவர்கள் வழக்கம் அது. செத்தவர் புழங்கிய சாமான்களைப் பதினாறாம் நாள் அவர் சேலையிலேயே மூட்டையாகக் கட்டி ஓடுகிற தண்ணீரில் விடுவார்கள். ஊரில் ஆறு இருக்கிறது. தாராவிக்காரர்களுக்கு மாகிம் காடி என்கிற உப்பங்கழிதான், கறுத்த தண்ணீர். மூட்டையைக் கட்டியது மாமியார் கனகவள்ளி. பாலத்திலிருந்து எறிந்தது அவன். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கவில்லை. அந்த நாட்களில் யார் எதைக் கையில் கொடுத்தாலும் வாங்கிக்கொண்டிருந்தான்.

கனகவள்ளி அடுத்த சந்தில் இருந்தாள். பை தைக்கிற கார்கானாவிலிருந்து ஜிப் கட்டுகளை வாங்கிவந்து, பல்வரிசையில் இழுத்து மூடுகிற ஓட்டியைக் கோர்த்துக் கொடுப்பது அவள் வேலை. பகல் முழுக்கச் சான்வி அவளிடம்தான் இருப்பாள். அட்டையைப் பற்றி அவன் கேட்டபோது அவள் கோர்ப்பதை நிறுத்தவில்லை.

"பை அப்படியே போயிட்டு. அதுலதான் கெடந்திருக்கும்" என்றாள். ஒரு ஜிப்பை இழுத்துப் பார்த்துவிட்டு, "அட்டை இல்லன்னா என்ன இப்ப? புள்ளைய இங்கன விட்டுட்டுப் போங்க. அங்க இவளுக்கு யாரு இட்லி அவிப்பா? கம்ப்யூட்டரா?" என்றாள்.

அவன் சான்வியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினான். வீட்டுக்கு நடக்கும்போது ஒரு விஷயம் உறைத்தது. பதினைந்தாம் நாள் கனகவள்ளி அந்தப் பையைக் கொட்டி, ஆதார், பாங்கு பாஸ்புக், ரேஷன் கார்டு, பாதி தீர்ந்த தலைவலி மாத்திரை அட்டை எல்லாவற்றையும் எடுத்து அவன் கையில் கொடுத்திருந்தாள். மாத்திரையைக்கூட விட்டுவைக்காதவள் பிள்ளையின் அட்டையை மட்டும் எப்படி விட்டாள்?

விட்டிருக்கமாட்டாள். பிள்ளையைத் தன்னிடமே வைத்துக்கொள்ளத்தான் அப்படிச் செய்திருக்கிறாள் என்று நினைத்தான். நினைத்ததும் மனசு ஒரு இடத்தில் போய் நின்றுகொண்டது. பல மாதங்களுக்குப் பிறகு அவனுக்குக் கோபம் வந்திருந்தது.

மறுநாள் மாட்டுங்காவில் ஒரு குழந்தைகள் டாக்டரைப் பார்த்தான். சான்று எதுவுமே இல்லையென்றால் இரண்டு ஊசியும் புதிதாகப் போடவேண்டும், நடுவில் நான்கு வாரம் இடைவெளி வேண்டும் என்றார் அந்த அம்மாள். நான்கு வாரம் அவனிடம் இல்லை. முதல் ஊசிக்காவது பதிவு கிடைத்தால் இரண்டாவதை இங்கேயே போட்டுச் சான்று தருகிறேன், கூடுதலாக ஒன்று போட்டாலும் கெடுதல் இல்லை என்றும் சொன்னார். எங்கே போட்டீர்களோ அந்த இடத்து ரிஜிஸ்டரைப் பாருங்கள் என்று அனுப்பிவைத்தார்.

சனிக்கிழமை காலையில் முனிசிபாலிட்டி ஹெல்த் போஸ்டுக்குப் போனான். நர்ஸ் மராட்டிக்காரர். அவருக்குத் துணையாக வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டிவருகிற முருகம்மாள் தமிழ். அவனைப் பார்த்ததும் பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"எல்லா ஆம்பளைங்களும் இப்டித்தான் தம்பி. பிள்ளைக்கு ஊசி போட்டாச்சான்னு ஃபாரின்காரன் கேக்கணும், அப்பத்தான் இந்தப் பக்கம் வழி தெரியும்" என்றாள். சொன்ன பிறகுதான் ஷர்மிளா இல்லாதது அவளுக்கு நினைவு வந்திருக்கவேண்டும். ரிஜிஸ்டர்களை எடுக்கத் திரும்பிக்கொண்டாள்.

தடித்த ரிஜிஸ்டர்கள் மூன்று. பிள்ளைகளுக்குப் பெயர் வைக்குமுன்பே பதிந்துவிடுவதால் எல்லாம் தாயின் பெயரில்தான் இருந்தன. ஷர்மிளாவின் குழந்தை என்று நான்கு இருந்தன. உங்க ஷர்மிளாவின் போன் நம்பரைச் சொல்லு என்றாள். சொன்னான். அந்த நம்பருக்கு அவன் இன்னும் மாதாமாதம் ரீசார்ஜ் செய்துகொண்டிருந்தான்.

மூன்றாவது ஷர்மிளாதான். முருகம்மாளின் விரல் கட்டம் கட்டமாக நகர்ந்தது. தட்டம்மை முதல் ஊசி, நவம்பர் இருபது. இரண்டாவது, ஆகஸ்ட் பதினெட்டு.

ஆகஸ்ட் பதினெட்டு. அவள் இறந்தது இருபத்திரண்டு.

பதினெட்டாம் தேதி அவனுக்கு நன்றாக நினைவிருந்தது. கொட்டுகிற மழை. முந்தின நாள் ராத்திரி ஆபீஸிலேயே தங்கியிருந்தான். ஜெர்மனிக்கு வேண்டிய காகிதங்களின் பட்டியலை வேலைக்கு ஆள் அனுப்புகிற ஏஜென்சி அன்று காலையில்தான் அனுப்பியிருந்தது. அதில் பிள்ளையின் ஊசியும் இருந்தது. இன்றைக்கே போட்டுவிடு என்று ஷர்மிளாவுக்கு போன் செய்தான். பதினொரு மணிக்கு மறுபடியும் கேட்டான். ஒரு மணிக்கு மூன்றாவது தடவை. "போட்டாச்சு" என்றாள். பின்னால் மழைச்சத்தம். சாயங்காலம் அவன் வந்தபோது படுத்திருந்தாள். கொஞ்சம் மேல் வலிக்கிறது என்றாள். இருபதாம் தேதி ஆஸ்பத்திரி. டெங்கு. இரண்டு நாள் முன்னால் வந்திருக்கலாமே என்றார் டாக்டர். டாக்டர்கள் எல்லோரிடமும் சொல்வதுதானே என்று அவன் பத்து மாதமாக நினைத்துக்கொண்டிருந்தான்.

"அன்னைக்கி அவளுக்கு மேலு கொதிச்சிட்டு இருந்துது தம்பி" என்றாள் முருகம்மாள். குரலைத் தணித்திருந்தாள். "லைன்ல நிக்காத, முதல்ல ரத்தம் குடுத்து டெஸ்ட் பண்ணிட்டு வா, நா லைன் பிடிக்கிறேன்னேன். கேக்கல. 'அவங்க ரெண்டு தடவ போன் பண்ணிட்டாங்கக்கா, இது முடியட்டும்'னா. மூணு மணி நேரம் நின்னா. பிள்ளைய அவங்க அம்மாதான் மடில வச்சுப் பிடிச்சாங்க."

அவன் தலையை ஆட்டினான். நகல் கிடைக்குமா என்று கேட்டான். நர்ஸ் புதிய அட்டை ஒன்றில் தேதிகளை எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி, மை காயும்வரை விசிறிக் கொடுத்தார்.

நேரே கனகவள்ளி வீட்டுக்குப் போனான். சான்வி தரையில் உட்கார்ந்து ஜிப் ஓட்டிகளை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தாள். அவன் செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றான்.

"அட்டைய நீங்கதான அத்தை மூட்டைக்குள்ள வச்சீங்க?"

"ஆமா."

இவ்வளவு சுலபமாக ஒப்புக்கொள்வாள் என்று அவன் எதிர்பார்க்கவில்லை. "பிள்ளை ஒங்ககிட்டயே இருக்கணும்னு."

கனகவள்ளியின் கை முதல்முறையாக நின்றது. அவனை ஏறிட்டுப் பார்த்தாள். "புள்ளைய வச்சுக்கிடணும்னா ஒங்க பாஸ்போட்டையில்லா எறிஞ்சிருப்பேன்" என்றாள். "பதினாறுக்கு முந்தியே ஜெர்மனியும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம்னு எழுதிப் போட்டிய. மறந்துபோச்சா?"

உண்மைதான். வேலை வேண்டாம் என்று அவன் எழுதிவிட்டிருந்தான். கம்பெனி மறுபடி கூப்பிட்டது ஜனவரியில். மூட்டை காடிக்குப் போன நாளில் பிள்ளை எங்கேயும் போவதாக இல்லை.

"அப்ப ஏன்?"

அவள் சான்வியைப் பார்த்தாள். பிள்ளை காதில் விழக்கூடாது என்பதுபோல மெதுவாகப் பேசினாள். "அதுல அந்தத் தேதி இருக்கு. இவ வளந்து வாசிப்பா. ஊசி போட்ட தேதி ஒரு காயிதத்துல, அம்மா செத்த தேதி ஒரு காயிதத்துல. நாலு நாளு. கழிக்கத் தெரியாதா அவளுக்கு? கூட நின்னது யாருன்னு கேப்பா, முருகம்மா சொல்லுவா. எனக்கு ஊசி போடப்போயித்தான் எங்கம்மா போயிட்டான்னு ஒரு புள்ள நெனைக்கலாமா?"

"அவளால இல்ல. என்னால. நான்தான் போன்ல நச்சரிச்சேன்."

"நீங்க போன்ல இருந்திய. நான் பக்கத்துல நின்னேன்." கனகவள்ளி ஒரு ஜிப்பை எடுத்தாள், கோர்க்காமல் கீழே வைத்தாள். "நெத்தியத் தொட்டுப் பாத்தேன். சுட்டுது. வீட்டுக்குப் போவமாம்மான்னா. இவ்வளவு நேரம் நின்னாச்சுல்லா, இன்னும் நாலு பேருதான், போட்டுட்டே போயிருவோம்னு சொன்னேன். நான்தான் சொன்னேன்."

சான்வி அடுக்கிய வரிசை கலைந்துவிட்டது. அவள் மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

பிறகு டாக்டர் சொன்னதையெல்லாம் அவன் சொல்ல, கனகவள்ளிதான் வழி சொன்னாள். மாட்டுங்கா டாக்டர் இன்னொன்று போட்டாலும் கெடுதல் இல்லை என்றாரே, போட்டுவிடுவோம். அவர் தருகிற சான்றில் முதல் ஊசியின் தேதி பழசு, இரண்டாவது புதுசு. இந்த நகலைக் கிழித்துப் போட்டுவிடலாம். எந்தக் காகிதத்திலும் ஆகஸ்ட் பதினெட்டு இருக்காது. அவன் சரி என்றான். அதில் மறுக்க ஒன்றும் இருக்கவில்லை.

திங்கள்கிழமை மூன்று பேரும் பஸ்ஸில் மாட்டுங்கா போனார்கள். டாக்டர் நகலை வாங்கிப் படித்தார். இரண்டும்தான் போட்டிருக்கிறதே, எதற்கு இன்னொன்று என்று கேட்டார். முத்திரை தெளிவாக இல்லை, அங்கே ஏற்கமாட்டார்கள் என்று அவன் தயாராக வைத்திருந்த பொய்யைச் சொன்னான். டாக்டர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முத்திரை நன்றாகத்தான் இருந்தது. உங்கள் இஷ்டம் என்று மருந்தை எடுத்தார்.

கனகவள்ளி சான்வியை மடியில் வைத்துக்கொண்டாள். பிள்ளையின் கால்களைத் தன் கால்களுக்கு நடுவில் இறுக்கி, ஒரு கையால் அவளுடைய இரண்டு கைகளையும் சேர்த்துப் பிடித்தாள். பழகிய பிடி. அன்றைக்கும் இப்படித்தான் பிடித்திருப்பாள். பக்கத்தில் ஷர்மிளா நின்றிருப்பாள், நனைந்த சேலையோடு, சுவரில் சாய்ந்துகொண்டு. அவள் முடித்துவிட்டுப் போன கடைசி வேலை அது. வேறு எல்லாவற்றையும் பாதியில் விட்டுப் போனாள்.

"வேண்டாம் டாக்டர்" என்றான்.

டாக்டர் ஊசியோடு நின்றார். கனகவள்ளி பிடியைத் தளர்த்தாமலே அவனைப் பார்த்தாள். அவன் மேஜைமேலிருந்த நகலை எடுத்து மடித்தான். கன்சல்டிங் பணத்தை வைத்துவிட்டு வெளியே வந்தான்.

பஸ் நிறுத்தத்தில் அவள் கேட்டாள். "என்னத்துக்கு வேண்டாம்னிய?"

"மூணு மணி நேரம் நின்னு வாங்கின தேதி அத்தை. அதைக் கிழிச்சுப் போட்டா, அவ எதுக்கு நின்னா?"

அவள் யோசித்தாள். ஒரு பஸ் வந்து போயிற்று, அவர்களுடையது இல்லை. "புள்ள கேட்டா?"

"சொல்லுதேன்."

"என்னன்னு?"

"நான்தான் போகச் சொன்னேன்னு."

"நான்தான் நிக்கச் சொன்னேன்னும் சொல்லணும்" என்றாள் கனகவள்ளி. "பாதியச் சொல்லிப் பாதிய மறைக்கப்பிடாது. அப்புறம் அவ ஒங்க மொகத்துல முழிக்கமாட்டா. எம் மொகத்துல முழிக்க நான் இருக்கப்போறதில்ல."

அவன் நகலை மடியில் விரித்துப் படம் எடுத்து அனுப்பினான். காப்பகத்தின் படிவத்தில் இரண்டாவது ஊசி என்ற கட்டத்தில் நாள், மாதம், ஆண்டு கேட்டிருந்தது. நிரப்பினான். பஸ் ஏறி உட்கார்ந்த பிறகு பதில் வந்தது. சான்று ஏற்கப்பட்டது, இடம் உறுதி, சான்வியை வரவேற்கிறோம். கனகவள்ளிக்குத் தமிழில் சொன்னான். அவள் தலையை ஆட்டிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

விமானத்துக்கு இன்னும் இருபது நாள் இருந்தது. சான்வி அவள் மடியிலேயே தூங்கிப்போயிருந்தாள். பிள்ளையின் இரண்டு கைகளையும் சேர்த்துப் பிடித்த பிடியை அவள் இன்னும் விடவில்லை.