பி பாசிட்டிவ் யாருமில்லாத ஊர்

இப்போதெல்லாம் ஒருத்தனிடம் ஒன்று கேட்டால் அவன் நம் முகத்தைப் பார்ப்பதில்லை. கையிலிருக்கிற போனைத் தடவிவிட்டு "இல்ல" என்கிறான். எங்கே தேடினாய், யார் சொன்னது என்று திருப்பிக் கேட்டால் பைத்தியக்காரனைப் பார்ப்பதுபோல் பார்க்கிறான். ஆஸ்பத்திரி ரத்த வங்கியில் உட்கார்ந்திருந்தவனும் அப்படித்தான். "பெரியவரே, உங்க சம்சாரத்துக்கு பம்பாய் குரூப். பத்தாயிரத்துல ஒருத்தருக்கு இருந்தா பெருசு. எங்க கிட்ட இல்ல. ஆன்லைன்லயும் பாத்துட்டேன், யாரும் இல்ல."

பொன்னம்மாள் கள்ளிக்குப்பம் வீட்டில் குளிக்கிற இடத்தில் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து அன்றோடு நாலு நாள். ஒரு பாட்டிலாவது கையில் இருந்தால்தான் ஆபரேஷன், தள்ளிப்போட்டால் நெஞ்சில் சளி கட்டிக்கொள்ளும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நாற்பத்தாறு வருஷமாக என்னை "யோவ்" என்றே கூப்பிட்டவள், வலி தாங்காமல் அன்றைக்கு "என்னாங்க" என்றாள். எனக்கு பயம் வந்தது அப்போதுதான்.

வீட்டுக்கு வந்ததும் நேராக மாடி ஏறினேன். அங்கே ஸ்வாதி குடியிருக்கிறாள். ஈரோட்டுக்காரப் பெண், கம்ப்யூட்டர் கம்பெனி வேலை, பாதி நாள் வீட்டிலிருந்தே. என்னை அங்கிள் என்பாள், எனக்குப் பிடிக்காது. விஷயத்தைச் சொன்னதும், ரத்தம் கொடுக்கிறவர்கள் பெயர் பதிந்து வைக்கிற சைட்டைத் திறந்து குரூப்பை அடித்தாள். ஓ எச், பக்கத்தில் ஒரு கூட்டல் குறி, பம்பாய் குரூப் பாசிட்டிவை அப்படித்தான் எழுதுவார்களாம். சிவப்பு எழுத்தில் ஒரு வரி வந்தது.

"யாரும் இல்லைன்னு காட்டுதுங்க அங்கிள். சாரி."

"நீயும் அதே பாட்டு பாடு. அந்தப் பொட்டி சொல்ட்டா ஆச்சா?"

நான் திருமழிசையில் எடை மேடையில் முப்பது வருஷம் இருந்தவன். காலையில் முதல் லோடு வருமுன், எடை தெரிந்த காலி லாரி ஒன்றை மேடையில் ஏற்றிப் பார்ப்பேன். அது சரியாகக் காட்டினால்தான் அன்றைய வேலை. காட்டுவதையெல்லாம் நம்புகிறவன் அந்த வேலைக்கு லாயக்கில்லை.

"எனக்குத் தெரிஞ்ச ஆளத் தேடு," என்றேன். "எம் மாப்பிள்ளை மோகன். பி பாசிட்டிவ். போன மாசம் கம்பெனி கேம்ப்ல இதே சைட்ல பேர் குடுத்துகீறான். மெசேஜ் வந்துச்சுன்னு எங்கிட்ட காட்னான். அவன் வரானா பாரு."

"ஆன்ட்டிக்கு அந்த ரத்தம் சேராதுங்களே, அது எதுக்கு இப்ப?"

"தேடும்மா!"

முனகிக்கொண்டே அடித்தாள். மறுபடி அதே சிவப்பு வரி.

"பாத்தியா? இம்மாம் பெரிய மெட்ராஸ்ல பி பாசிட்டிவ் ஒருத்தன் கூட இல்லையாம்! மெஷினே கோணிக்கினு கீது, நீ அத வச்சி எனக்கு எடை சொல்றே."

ஸ்வாதி திரைக்கு மேலே இருக்கிற நீளமான வரியையே நகத்தைக் கடித்துக்கொண்டு பார்த்தாள். பிறகு பி நெகட்டிவ் அடித்தாள், பெயர்கள் கொட்டின. ஓ நெகட்டிவ் அடித்தாள், கொட்டின. நாற்காலி பின்னால் சாயும்படி எழுந்துவிட்டாள்.

"அங்கிள்! கூட்டல் குறிங்க! கூட்டல் போட்டதெல்லாம்தான் தொலையுது!"

"எங்க தொலையுது?"

"நாம அடிக்கறது இந்த மேல் அட்ரஸ்ல ஒட்டிட்டுத்தான் அங்க போகுது. அட்ரஸ்ல கூட்டல் குறி இருந்தா அந்தப் பக்கத்துக் கம்ப்யூட்டர் அதக் காலி இடம்னு எடுத்துக்கும். வெறும் பி, பக்கத்துல ஒரு காலி இடம். அப்படி ஒரு குரூப் இருந்தாத்தான வரும்!"

அவளே அந்த வரியில் கை வைத்து, கூட்டலை அழித்துவிட்டு, சதவீதக் குறி, ரெண்டு, பி என்று போட்டாள். அப்படிப் போட்டால்தான் அதற்குக் கூட்டல் என்று புரியுமாம்.

"ரெண்டு எங்கேந்து வந்துச்சு?"

"அப்புறம் சொல்றேன், சும்மா இருங்க!" என்று என்னையே அதட்டினாள்.

பக்கம் பக்கமாகப் பெயர்கள் ஓடின. நடுவில் மோகன், திருமழிசை. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கத்தினோம், கீழே தெருவில் போனவன் அண்ணாந்து பார்த்தான். பிறகு ஓ எச். அவள் அவசரத்தில் தப்பாக அடித்து, அழித்து, மறுபடி அடித்தாள். ஒரே ஒரு பெயர் வந்தது. தேவிப்பிரியா, நசரத்பேட்டை.

"ஒருத்தர் போதும் அங்கிள்! ஒருத்தர் போதும்!"

போன் போட்டாள். அந்தப் பக்கத்தில் மிக்சி சத்தம் நின்றது. "மூணு வருசமா பேர் குடுத்து வச்சிகீறேன் மேடம். ஒரு போன் வரல. நம்ம ரத்தம் யாருக்கும் வாணாம் போலன்னு வுட்டுட்டேன். எந்த ஆஸ்பத்திரின்னு சொல்லுங்க, வண்டிய எடுக்கறேன்."

ஸ்வாதி கண்ணைத் துடைத்துக்கொண்டே சைட்காரர்களுக்குக் கடிதம் அடிக்க ஆரம்பித்துவிட்டாள். "இன்னும் எத்தன பேர இல்லைன்னு திருப்பி அனுப்புச்சோ. இப்பவாவது நம்பறீங்களா?"

"ஒரு குறிய மாத்துனா பேச்ச மாத்துது. இத எப்டிம்மா நம்பறது?" என்று சட்டையை மாட்டிக்கொண்டு ஓடினேன்.

நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போதே அந்தப் பெண் ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டிருந்தாள். கனத்த உடம்பு, நெற்றியெல்லாம் வியர்வை.

"ரத்த குரூப் போட்ட கார்டு கீதா?" என்றேன்.

"இன்னா நைனா, ரத்தம் குடுக்க வந்தவளாண்ட ரேசன் கடை மாரி கார்டு கேக்கற?" சிரித்துக்கொண்டே எடுத்துக் காட்டினாள்.

"கார்டும் எவனோ பொட்டில அடிச்சதுதான?"

உள்ளே அவள் விரலில் குத்தி சொட்டு எடுத்துப் பார்த்து, குரூப் சரியாக இருக்கிறது என்றார்கள். இன்னொரு தரம் பாருங்கள் என்றேன். பார்த்தார்கள், அதையே சொன்னார்கள். சொல்வார்கள். பொன்னம்மாள் உடம்பு ஏற்றுக்கொள்ளட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று படிக்கட்டுப் பக்கம் நடந்தேன். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் அந்தப் பெண்ணின் கையில், ரத்தம் இறங்குவதற்காக அமுக்கச் சொல்லிக் கொடுத்த ஒரு மஞ்சள் பந்து அமுங்கி அமுங்கி எழுந்துகொண்டிருந்தது.