ஒர்தென்சியாவின் குளியல் மண்டபம்

1912 நவம்பரில், கோடைக் கூட்டம் கலைந்துபோன பிறகு, இத்தாலியில் எங்கள் தொஸ்கானாக் கடற்கரையில் தீப்பிடித்தது. கடலோர நடைபாதை முழுக்க அப்போது மரக்கட்டடங்கள்தான். கடலில் குளிக்க வருபவர்கள் உடைமாற்றும் குளியல் மண்டபங்கள், காப்பிக்கடைகள், நடன அரங்கு, எல்லாம் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு நிற்கும். தெற்குக் கோடியில் கிளம்பிய நெருப்பைக் காற்று வடக்கே விரட்டியது. மதியத்துக்குள் எட்டுக் கட்டடங்கள் போய்விட்டன.

தச்சர்கள் பத்துப் பேர் கோடாரியோடு ஒர்தென்சியாவின் குளியல் மண்டபத்துக்கு முன்னால் நின்றோம். வாசல் வளைவில் ஓடிய அல்லிக்கொடி, இறந்துபோன அவள் கணவர் உலிசே செதுக்கியது. வாசலை மறித்தபடி அவள் நின்றாள்.

"இதைச் சாய்ச்சாதான் தீ தாண்டாது," என்றார் பக்கத்துக் காப்பிக்கடை எஜிஸ்தோ.

"அடுத்தது உங்க கடை. அதானே இவ்வளவு அவசரம்?"

"ஆமா, என் கடைதான். அதுக்கப்புறம் இருபது குடும்பம் இருக்கு."

"அப்போ உங்க கடையை இடிங்களேன்."

"இடிச்சா உங்களோடது எரிஞ்சுதான் போகும். ரெண்டும் இல்லாம போயிடும்."

அவள் என் பக்கம் திரும்பினாள். "பியெரோ, நீ சொல்லு. எவ்வளவு நேரம் இருக்கு?"

நெருப்பு மூன்று கட்டடத் தூரத்தில் இருந்தது. "கால் மணி நேரம்மா. அதுக்கு மேல தாங்காது."

அவள் விலகினாள். "வளைவுல கோடாரி போடாதே. தூணை வெட்டு, தானா விழட்டும்."

தூண்களை வெட்டினோம். மண்டபம் முனகிக்கொண்டே மணலில் சரிந்தது. பலகைகளைக் கடலுக்கு இழுத்தோம். எஜிஸ்தோவின் கைகளில் ரத்தம். அப்போது மழை கொட்டியது. காற்று திசை மாறியது. நெருப்பு அவள் மண்டபம் இருந்த இடத்துக்கு இரண்டு கட்டடம் முன்னாலேயே அடங்கிப்போனது. யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

எஜிஸ்தோ தொப்பியைக் கழற்றினார். "ஒர்தென்சியாம்மா..."

"பேசாதீங்க. மழை வரும்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது."

இனி மரம் கூடாது என்று நகராட்சி உத்தரவு போட்டது. வசந்தத்தில் சிமென்ட் கட்டடங்கள் எழும்பின. எஜிஸ்தோ தினமும் காலையில் வந்து அவள் மனையில் எழும்பிய புது மண்டபத்துக்கு மணல் சுமந்தார். அவள் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. மூன்றாவது வாரம், சிமென்ட் மூட்டையோடு அவர் தடுமாறி நின்றபோது, "அங்க வேணாம், நனைஞ்சிடும். இப்படி உள்ள வைங்க," என்றாள்.

அவர் உள்ளே கொண்டுபோய் வைத்தார்.